துண்டுக்குள் மாறிய விலை

உலகத்தில் இதுவரை செய்யப்பட்ட எல்லாக் கணக்கு மெஷின்களையும் லாரியில் ஏற்றிவந்து, காரிமங்கலம் சந்தை மைதானத்தில் வரிசையாக முளைக்குச்சியில் கட்டிவைத்தாலும், மாட்டுத் தரகர் மாதையன் ஒவ்வொன்றின் பல்லையும் பிடித்துப் பார்த்து, இது இவ்வளவுதான் பெறும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவருடைய ஞாபகம் அப்படி. வானத்து நிலாவை யார் யாருக்கு என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியும். கேட்டால் சொல்லமாட்டார். அது இரண்டு பேருக்கு நடுவே முடிந்த வியாபாரம்.

நிலா விஷயம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். மாடு விஷயம் அப்படியே உண்மை. அறுபத்திரண்டு வயதுக்குள் தன் கை வழியாகப் போன ஒவ்வொரு மாட்டின் விலையும், சுழியும், வாங்கியவர் ஊரும் அவருக்குள் இருந்தன. பேருந்தில் போகும்போது வயலில் மேயும் பசுவைக் காட்டி, "அதோட ஆத்தாளைப் பதினோராயிரத்து இருநூறுக்கு முடிச்சேன்" என்பார். பக்கத்தில் இருப்பவர் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை சந்தையில் விலையை யாரும் வாயால் பேசுவதில்லை. தரகர் தோளில் இருக்கும் துண்டை எடுத்து, விற்பவரின் கைமேல் போடுவார். துண்டுக்குள் விரல்கள் விரல்களைப் பிடிக்கும். ஒரு விரல், இரண்டு விரல், ஒரு அழுத்தம், அரைத் தட்டு. வெளியே இரண்டு முகங்களும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. விலை படிந்ததும் அச்சாரம் என்று ஒரு சின்னத் தொகை கை மாறும். துண்டை எடுத்த பிறகு, அச்சாரம் வாங்கிய பிறகு, அந்த விலையை மாற்றினவனை அடுத்த செவ்வாய்க்கிழமை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். மாதையன் நாற்பது வருஷமாகத் துண்டு போட்டவர். ஒரு தடவைகூட மாற்றியதில்லை.

தீர்த்தம்மாளுக்கு அவர் கொடுத்த வார்த்தையும் அப்படிப்பட்டதுதான்.

தீர்த்தம்மாள் அவருக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவள். புருஷன் இல்லை. மூன்று கறவை மாடுகளை வைத்துப் பிழைப்பவள். மூன்றையும் பார்த்து வாங்கிக் கொடுத்தவர் மாதையன்தான். போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவள் விரல்களை மடங்கவிடாமல் செய்துவிட்டுப் போயிருந்தது. காம்பைப் பிடித்தால் வலியில் கண் இருட்டும். கூலிக்கு வந்து கறந்துகொண்டிருந்த மாரப்பன், மாசக் கடைசியோடு பெங்களூருக்கு வேலைக்குப் போகப்போவதாகச் சொல்லிவிட்டான்.

"கறக்கற மெஷின் ஒண்ணு போன்ல வருதாமாங்கண்ணா" என்றாள் ஒருநாள். "அது இல்லீனா மூணையும் நீங்களே சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிருங்க. எங் கண்ணு முன்னால துண்டு போட்டுராதீங்க, அவ்வளவுதான்."

மாதையனுக்கு அது தாங்கவில்லை. தானே வாங்கிக் கொடுத்த மாட்டைத் தானே பிடித்துக்கொண்டு போவதா?

"எத்தனைக்கு முடியோணும், சொல்லும்மா."

"பத்தொம்பதுக்குள்ள இருந்தா எங்கிட்ட இருக்குதுங்க. அதுக்கு மேல ஒத்த ரூவா இல்லீங்க."

"பத்தொம்பதுக்குள்ள முடிச்சுத் தர்றேன். இது எம் பேச்சு."

ஞாயிற்றுக்கிழமை காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மொபைல் கடைக்குப் போனார். மாதையனுடைய போனை அவருக்கு விற்று, அதற்குள் வேண்டியதையெல்லாம் ஏற்றிக் கொடுத்தவன் அந்தக் கடையில் இருக்கும் தௌபிக். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவனைக் கைவிட்டிருந்தது. அவனும் அதை வற்புறுத்தவில்லை. கடைக்கு வருகிறவர்களின் ரிங்டோனை அவர்களுக்கே தெரியாமல் நாய் குரைக்கும் சத்தமாக மாற்றி வைப்பது அவனுடைய கைத்தொழில். ஆள் இல்லாத நேரத்தில் மேஜைக்கடியில் ஒரு நோட்டை வைத்து மாதையனைப் பற்றிய கதைகளை எழுதிக்கொண்டிருப்பான்.

"மாமா, இந்தா பாருங்க, பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம். ஐநூறு இப்பக் கட்டுனா போதும். மிச்சம் மெஷின் வூட்டுக்கு வந்தப்பறம் கையில குடுக்கலாம்."

"ஐநூறு அச்சாரமா?"

"அப்பிடியே வெச்சுக்கங்க."

"வாங்கிக்கிட்டானா?"

"வாங்கிக்கிட்டான் மாமா. இந்தா டிக் விழுந்திருச்சு பாருங்க."

மாதையன் அந்த எண்ணை ஒருமுறை பார்த்தார். அவருக்கு ஒருமுறை போதும். வழியில் தீர்த்தம்மாள் வீட்டு வாசலில் நின்று, "பதினெட்டுத் தொள்ளாயிரத்துக்கு முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்.

புதன்கிழமை பகல், செவ்வாய்ச் சந்தை கலைந்த மைதானத்தில் அவர் தொலைத்த மூக்கணாங்கயிறு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். சந்தைக்கு மறுநாள் அந்த மைதானத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நேற்று ஆயிரம் உயிர் நின்ற இடத்தில் வெறும் முளைக்குச்சிகள். சாணம் காய்கிற வாசனை. ஒரு காக்கைகூட இல்லை. வெயில் மட்டும் நிற்கும், வாங்க வந்த ஆள் மாதிரி.

போன் அடித்தது.

"வணக்கம், திரு மாதையன். தங்கள் ஆர்டரின் விலை திருத்தப்பட்டுள்ளது. கூடுதல் தொகைக்குச் சம்மதம் எனில் எண் ஒன்றை அழுத்தவும். இல்லையெனில் ஆர்டர் ரத்து செய்யப்படும்."

பெண் குரல். எந்த ஊர்த் தமிழும் இல்லை அது. "ஏனுங்க, யாருங்க பேசறது?" என்றார். அவர் பேசியதும் குரல் நின்றது. அவர் முடித்ததும், விட்ட இடத்திலிருந்து அதே சொற்களை அதே ஏற்ற இறக்கத்தில் சொன்னது. அவர் இருமினார், நின்றது. இருமல் அடங்கியதும் தொடர்ந்தது. எதிரே ஒரு ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. மாதையன் திரும்பிப் பார்த்தார். முளைக்குச்சிகள்தான்.

போனை அணைத்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். தௌபிக் ஆர்டரைத் திறந்தான். இருபத்து மூவாயிரத்து இருநூறு என்று இருந்தது. பக்கத்தில் பழைய விலையை அடித்துப் போட்ட கோடுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேதியைப் போட்டு, அன்றைக்கே இந்த விலைதான் என்பதுபோல, அமைதியாக இருந்தது.

"பதினெட்டுத் தொள்ளாயிரமுன்னு நீயும்தானடா பாத்த?"

"பாத்தேன் மாமா. ஆனா இப்ப எங்க தேடுனாலும் அது இல்லியே."

ரீசார்ஜ் போட வந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "இருபத்து மூணுன்னுதான் போட்டிருக்குதுங்களே, பெரியவரே. கண்ணாடி போட்டுப் பாருங்க."

மாதையன் கண்ணாடி போட்டுத்தான் இருந்தார்.

தௌபிக் தன்னுடைய போனில் அதே மெஷினைத் தேடினான். பதினேழாயிரத்துச் சொச்சம் காட்டியது. ரீசார்ஜ்காரர் தன் போனில் பார்த்தார். பத்தொன்பது. மூன்று போன், மூன்று விலை. மாதையன் தன் போனை மறுபடி திறக்கச் சொன்னார். திறந்தபோது இன்னும் நானூறு ஏறியிருந்தது.

"ஆளப் பாத்து விலை சொல்லுதுடா இது" என்றார் மெதுவாக. "என்னைய எங்கிருந்துடா பாக்குது?"

தௌபிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

அன்றிலிருந்து மாதையனுக்குள் ஒன்று நடக்க ஆரம்பித்தது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. பேருந்தில் போகும்போது வயலில் நிற்கும் மாட்டைப் பார்த்தார். அதன் தாயை முடித்தது பதினோராயிரத்து இருநூறா, பதினோராயிரத்து எண்ணூறா? இரண்டு எண்ணும் ஒரே மாதிரி நின்றன. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பழையதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். மாதப்பனுக்கு வாங்கிக் கொடுத்த ஜோடி எருது. கடத்தூர்க்காரருக்கு முடித்த கிடாரி. தொட்டால் போதும், ஒவ்வொன்றின் விலையும் கொஞ்சம் நகர்ந்தது, ஈரச் சுவரில் எழுதிய சுண்ணாம்பு எழுத்துபோல. போனில் இருந்த விலை மட்டும் அதற்குப் பிறகு மாறவில்லை. நடந்து முடிந்ததெல்லாம் மாறிக்கொண்டிருந்தது. ஒருவேளை ஞாயிற்றுக்கிழமை பார்த்ததும் இருபத்து மூன்றுதானோ? தன் ஞாபகம் எப்போதோ செத்துப்போய், தனக்குத்தான் தெரியாமல் இருந்ததோ?

பொண்டாட்டி ரோசம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு, "என்ன, சுவத்தையே பாக்கறீங்க?" என்றாள்.

"ரோசு, நம்ம கல்யாணத்துக்கு உங்கப்பன் என்ன மாடு குடுத்தாரு?"

"மாடு எங்க குடுத்தாரு? ஆடுதான் குடுத்தாரு. அதுவும் நொண்டி."

அவர் பிறகு சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை சந்தையில் ஒரு செவலைப் பசுவுக்குத் துண்டு போட்டார். விற்க வந்தவர் பென்னாகரத்துப் பக்கத்து ஆள். உள்ளே விரல்கள் விலையைச் சொல்லின. மாதையன் பதில் சொல்ல விரலை மடக்கினார். எந்த விரல் என்று தெரியவில்லை. துண்டுக்குள் இருந்த தன் கையே யாருடையதோபோல இருந்தது. அது தானாகவே ஒரு விலையைச் சொல்லப்போகிறது என்று பயந்து சட்டென்று கையை உருவிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். சந்தையில் கையைப் பாதியில் உருவுவது என்றால் எதிராளியின் கையில் அழுக்கு என்று அர்த்தம்.

"என்னங்க மாதையண்ணா" என்றார் அந்த ஆள், முகம் சுருங்கி. "எங் கையில என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க. எங் கையிலதான்."

புதன்கிழமை, அதே வெயில் நேரத்தில், குரல் மறுபடி வந்தது. இந்தத் தடவை அவர் மைதானத்தின் நடுவில் வேண்டுமென்றே போய் உட்கார்ந்திருந்தார். ஓடிக்கொண்டே இருந்தால் எந்த வியாபாரமும் படியாது. எதிராளி யாராக இருந்தாலும், மனுஷனோ வேறு எதுவோ, அவருக்குத் தெரிந்த முறை ஒன்றுதான்.

அவர் போனைத் தொடைமேல் வைத்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டார். கையை உள்ளே விட்டார்.

போன் சூடாக இருந்தது. குரல் துணி வழியாக மங்கி வந்தது. "சம்மதம் எனில்." அவர் உள்ளங்கைக்குக் கீழே அது அதிர்ந்தது, பயந்த கன்றின் கழுத்து மாதிரி. வெற்று மைதானத்தைப் பார்த்துக்கொண்டே மாதையன் தன் பெருவிரலால் ஒரே ஒரு முறை அழுத்தினார். சந்தையில் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு: ஒரே பேச்சு, முதல் பேச்சுத்தான், அதற்கு மேல் இல்லை. நாற்பது வருஷத்தில் அந்த அழுத்தத்தைப் புரிந்துகொள்ளாத கை ஒன்றுகூட இல்லை.

"தங்கள் சம்மதத்துக்கு நன்றி, திரு மாதையன்" என்றது துண்டு.

அவர் வெகுநேரம் துண்டை எடுக்கவில்லை. எடுத்தபோது திரை கறுத்திருந்தது. அதில் தெரிந்த முகம் அவருடையதுதான் என்று உறுதிசெய்துகொள்ள ஒரு தடவை வாயைத் திறந்து மூடிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை தீர்த்தம்மாள் அவரைத் தேடிக் கடைக்கே வந்துவிட்டாள். மாதையன் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கூடுதல் தொகையைத் தானே போட்டுவிடலாம் என்று கணக்குப் பார்த்தாயிற்று. பணம் அங்கங்கே புரட்டினால் கிடைக்கும். ஆனால் அப்படிப் போட்டால், விலையை மாற்றியது யார் என்ற கேள்விக்கு ஊரில் ஒரே பதில்தான் இருக்கும்: மாதையன்.

"மாரப்பன் ஞாயித்துக்கெழம கெளம்பறானுங்கண்ணா" என்றாள். "மெஷின் வருமா, வராதா? வராதுன்னா வராதுன்னு சொல்லிருங்க."

அவர் தலையைத் தூக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். குரல், ஏறிய விலை, துண்டு, அழுத்தியது. கடைசியில், "பதினெட்டுத் தொள்ளாயிரமுன்னு நான் பாத்தனா, பாக்கலியான்னே இப்பத் தெரியலம்மா. எம் புத்தியில என்னமோ ஆயிப்போச்சு. உனக்கு நான் தப்பாச் சொல்லீட்டேன்" என்றார்.

தீர்த்தம்மாள் சிரித்திருக்கலாம், போனுக்குத் துண்டு போட்ட கதை கேட்டால் யாரும் சிரிப்பார்கள்.

"போன வருசம் கேஸ் சிலிண்டர்காரன் கூடக் கேட்டான்னு நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினஞ்சுக்குப் போன் போட்டேன்ல, ஞாபகம் இருக்குதுங்களா? ஒண்ணு ஒம்போது ஒண்ணு அஞ்சு. வாங்கறவங்க குறையக் கேக்கற நம்பரு. அதப் போடு தம்பி" என்றாள் தௌபிக்கைப் பார்த்து. "சத்தமா வையி."

எடுத்தது ஒரு ஆண் குரல். ஜலதோஷம் பிடித்த குரல். நடுவில் யாரிடமோ, "மூடி வெச்சுட்டுப் போப்பா" என்றது. தண்ணீர் குடித்தது. மாதையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த ஆள் சொன்னார்: "சார், ஆர்டரை உறுதி பண்ணி, முன்பணமும் வாங்கிட்டு அப்பறம் விலையை ஏத்தறதுக்கு அவங்க பதில் சொல்லியே ஆகணும். ஒண்ணை அழுத்தினதையும் எழுதிக்கறேன், ரத்து பண்ணிடுவோம்னு சொல்லி வாங்கின சம்மதம்னு. துண்டு விஷயத்தை..." ஒரு தும்மல். "துண்டை விட்டுடலாம். நான் கம்பெனிக்கு அனுப்பறேன். சரி பண்ணலைன்னா தருமபுரியிலயே நுகர்வோர் ஆணையத்துல மனுக் குடுக்கலாம். முதல் விலைக்கு ஆதாரம் ஏதாவது இருக்குதா? ஆர்டர் போட்டதும் மெயில் வந்திருக்குமே?"

"எனக்கு மெயிலெல்லாம் கெடையாதுங்க" என்றார் மாதையன்.

"மெயில் இல்லாம அதுல கணக்கே தொடங்க முடியாதுங்களே சார். போன் வாங்கினப்ப யாராவது போட்டுக் குடுத்திருப்பாங்க."

தீர்த்தம்மாள் திரும்பினாள். மாதையனும் திரும்பினார். தௌபிக் ஒரு பழைய சார்ஜரின் ஒயரை வெகு கவனமாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

பிறகு சுற்றுவதை நிறுத்திவிட்டு, மாதையனின் போனை வாங்கி நான்கு தட்டுத் தட்டினான். அந்த மெயில் அங்கேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று இருபது. பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம். யாரும் திறக்காததால் தடித்த எழுத்தில்.

மாதையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். எண்ணின்மேல் விரலை வைத்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அது நகரவில்லை.

"பதினோராயிரத்து இருநூறு" என்றார் சம்பந்தமே இல்லாமல், தனக்குள். "எண்ணூறு இல்ல. இருநூறுதான்."

"எங்கிட்டச் சொன்னது சரியாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றாள் தீர்த்தம்மாள். மடங்காத விரல்களால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் நடுவில் மெஷின் அதே விலைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு நடுவே கம்பெனி அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தை ரோசம்மாள் அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள். ஆனால் அன்றைக்குக் கடையில் இன்னும் ஒரு காரியம் பாக்கி இருந்தது.

"அந்த மெயில் முகவரியைச் சொல்லுங்க சார், பதிஞ்சுக்கறேன்" என்றது ஜலதோஷக் குரல்.

தௌபிக் போனைக் காதோடு ஒட்ட வைத்துக்கொண்டு வாசலுக்குப் போகப் பார்த்தான். தீர்த்தம்மாள் வாசலில் நின்றாள். அவன் இங்கிலீஷ் எழுத்துகளை ஒரே மூச்சில் கடகடவென்று சொன்னான். அந்த ஆள் பொறுப்பானவர். எழுதியதைச் சேர்த்து, நிறுத்தி, சத்தமாகப் படித்தார்.

"பொணக்கை அறுபத்திரண்டு. சரிங்களா சார்? பொணக்கை?"

சந்தையில் பொடியன்கள் மாதையனுக்கு வைத்திருந்த பெயர் அது. துண்டுக்குள் அவர் கை எப்போதும் சில்லென்று இருக்கும். பிணத்தின் கையைப் பிடித்த மாதிரி என்பார்கள். அவர் காதுக்கு அது போனதில்லை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"சரிங்க" என்றார் மாதையன். "அதேதான். எழுதிக்கங்க."

போன் பேசி முடிந்தது. தௌபிக் ஒயரை மறுபடி எடுத்தான். மாதையன் அதை அவன் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"பேரு கெடக்குது உடு. உங்கண்ணன் வெச்ச பேருதான அது, எனக்குத் தெரியும். விலை ஏறுன அன்னைக்கே உனக்குத் தெரியும்ல, மெயிலு இருக்குதுன்னு?"

தௌபிக் தலையை ஆட்டினான்.

"ஒம்போது நாளு. இந்தப் பேரு எனக்குத் தெரிஞ்சிரும்னு ஒம்போது நாளு வாயத் தொறக்கல. நான் எங் கையவே நம்பாமக் கெடந்தேன். நீ இங்க உக்காந்து பாத்துட்டே இருந்த."

"தெனமும் சொல்லிரலாம்னுதான் மாமா..."

"தெனமும்."

அவன் அழவில்லை. கடையில் தூசி அதிகம்; கண் எரியும்.

"ஞாயித்துக்கெழமையிலிருந்து மெஷின் வர்ற வரைக்கும் தீர்த்தம்மா மாட்ட நீதான் கறக்கற" என்றார் மாதையன் எழுந்துகொண்டே. "விடிய அஞ்சு மணிக்கு, சாயங்காலம் மூணு மணிக்கு. கறுப்பு மாடு உதைக்கும்."

"எனக்குக் கறக்கத் தெரியாது மாமா."

"அதுக்கும் தெரியாது, நீ யாருன்னு." வாசல்வரை போனவர் நின்றார். திரும்பாமலே கேட்டார். "எம் பேருல என்னமோ கதை நோட்டுல எழுதிட்டு இருக்கியாமா. ரோசு சொன்னா. இந்த ஒம்போது நாளையும் எழுதுவியா, இல்ல அதையும் மறச்சு வெச்சுக்குவியா?"